அத்தானுக்கு மூணு வருமானம்

வருஷா வருஷம் மார்ச் கடைசி ஆனா போதும், வாட்ஸ்அப்ல ஒரு நியூஸ் சுத்த ஆரம்பிச்சிரும். ஏதோ ஒரு ஊர்ப் பிள்ளைக்கு அமெரிக்க யூனிவர்சிட்டில மூணு கோடி ரூபா ஸ்காலர்ஷிப், கூடவே ஒரு சால்வை போட்ட போட்டோ. அந்தப் பிள்ளைங்க உழைப்பை நான் குறைச்சு சொல்லலை, ஆனா அந்த மூணு கோடிங்கற நம்பர் எனக்கு ரொம்ப நாளா உறுத்திக்கிட்டே இருக்கு. யாரும் மூணு கோடியை கையில தூக்கிக் குடுக்கறதில்ல. அங்க ஒரு நல்ல பிரைவேட் காலேஜ்ல ட்யூஷன், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் சேத்து வருஷத்துக்கு 85,000 டாலர் பக்கம் பில்லு வரும், அதை நாலு வருஷத்துக்குப் பெருக்கி, அப்புறம் டாலர் ரேட்டால இன்னொரு தடவை பெருக்கினா மூணு கோடிகிட்ட வந்து நிக்கும். அந்த பில்லை நீ கட்ட வேண்டாம்னு காலேஜ் சொல்லுது, அவ்வளவுதான். இதுல அதிர்ஷ்டம் இருக்கு, மார்க் இருக்கு, எல்லாம் இருக்கு, ஆனா நியூஸ்ல ஒருத்தரும் சொல்லாதது அதுக்கு முன்னாடி அந்த வீட்ல வருமானம், சொத்துன்னு எல்லாத்தையும் எழுதி ஒரு ஃபார்ம் நிரப்பியிருப்பாங்களே அதைப் பத்திதான்.

அந்த ஃபார்மை நான் எங்க அக்கா வீட்ல உக்காந்து நிரப்பினேன். அக்கா கோவில்பட்டில இருக்கா, அத்தான் ஹார்டுவேர் கடை வச்சிருக்கார், பெயிண்ட்டு, பைப்பு, சிமெண்ட்டு. நான் அமெரிக்கால எம்எஸ் முடிச்சு ரெண்டு வருஷம் வேலை பாத்துட்டு திரும்பி வந்தவன், அதனால குடும்பத்துல அமெரிக்கா சம்பந்தப்பட்ட எல்லாத்துக்கும் நான்தான் அதாரிட்டி. எம்எஸ் போற கதையே வேற, அங்க ப்ரொஃபசர்கிட்ட டிஏ, ஆர்ஏ (பாடம் நடத்தவும் ஆராய்ச்சிக்கும் உதவியாளர் வேலை) கேட்டு மெயில் போடுவோம், மிச்சத்துக்கு லோன், எங்க அப்பா சம்பளம் என்னன்னு ஒருத்தனும் என்கிட்ட கேட்டதில்ல. அண்டர்கிராஜுவேட் எயிடு, அதாவது முதல் டிகிரிக்கு காலேஜ் குடுக்கற பண உதவி, அப்படி இல்ல. அங்க முதல் கேள்வியே அப்பாவைப் பத்திதான்.

அந்த ஒரு டிக்

அக்கா மக பத்தாங்கிளாஸ்லேர்ந்தே இதுக்குன்னு உக்காந்து படிச்சவ, எஸ்ஏடி (அங்க காலேஜ் சேரறதுக்கு எழுதற பரீட்சை) எழுதினா, நல்ல ஸ்கோர். மதுரைல ஒரு கன்சல்டன்ட்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. அவர் லிஸ்ட்டு போட்டுக் குடுத்துட்டு ஒரு அட்வைஸ் சொல்லியிருக்கார். காமன் ஆப்ல (பல காலேஜுக்கும் சேத்துப் போடற ஆன்லைன் அப்ளிகேஷன்) நீட்-பேஸ்டு எயிடு (நம்ம நீட் எக்ஸாம் இல்லைங்க, வீட்டு வசதியைப் பாத்துக் குடுக்கற பண உதவி) கேக்கப் போறீங்களான்னு ஒரு கேள்வி இருக்கும், அதுல நோ போட்டுருங்க சார், சீட்டு தானா வந்துரும், முதல் வருஷத்துக்கு பேங்க்ல லோன் போட்டுக்கலாம், ரெண்டாவது வருஷம் பிசினஸ் நஷ்டமாயிருச்சுன்னு ஒரு லெட்டர் குடுத்தா அவனே எயிடு குடுத்துருவான்னு. அக்கா எனக்கு போன் பண்ணி, "ஏ தம்பி, அவரு சொல்லுதது சரியா?"ன்னு கேட்டா.

இதுல எரிச்சல் என்னன்னா அவர் சொன்னதுல பாதி உண்மை. வெளிநாட்டுப் பிள்ளைங்க விஷயத்துல, எயிடு கேக்கறாங்களா இல்லையான்னு பாக்காமலே சீட்டு முடிவு பண்ணிட்டு, அப்புறம் தேவைப்படற முழுப் பணத்தையும் குடுக்கற காலேஜ்களை விரல் விட்டு எண்ணிரலாம். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட், 2022-ல டார்ட்மத்தும் போடினும் சேந்துச்சு, 2025-ல உள்ள போன பேட்ச்லேர்ந்து பிரவுனும். இன்னும் ஒண்ணு ரெண்டு இருக்கு, அவ்வளவுதான். மத்த இடத்துலயெல்லாம் நீ பணம் கேக்கற ஆளுங்கறது அட்மிஷன் டேபிள்ல ஒரு பாயிண்ட்டாவே வரும், ஸ்டான்ஃபோர்டே அப்படித்தான். அந்த ஊர் சிட்டிசனுக்கு கவர்மென்ட் கிராண்ட் இருக்கு, ஃபெடரல் லோன் இருக்கு, நம்ம பிள்ளைங்களுக்கு அதுல ஒரு டாலர் கிடையாது, அதனால மொத்தப் பணமும் காலேஜ் தன் கையிலேர்ந்து எடுக்கணும், அதுக்கு ஒரு பட்ஜெட் வச்சிருப்பாங்க, அது தீந்தா தீந்ததுதான். ஆக டிக் போட்டா சான்ஸ் குறையும்னு அவர் சொன்னது பொய் இல்ல.

மிச்சப் பாதிதான் வில்லங்கம். சேரும்போது எயிடு கேக்கலைன்னா நாலு வருஷத்துக்கும் கேக்க முடியாதுன்னு நிறைய காலேஜ் தெளிவா எழுதியே வச்சிருக்கு. ரெண்டாவது வருஷம் நஷ்டக் கணக்கு காட்டறதெல்லாம் அங்க எடுபடாது. அதுவும் போக, கோவில்பட்டி ஹார்டுவேர் கடைக்காரர் வருஷத்துக்கு எழுபது லட்சத்துக்கு மேல லோன் வாங்கி பிஏ மேத்ஸ் படிக்க வைக்கறதுன்னா, அவர் கடையை வித்தாலும் முதல் ரெண்டு வருஷத்தோட கதை முடிஞ்சிரும். பணம் கட்ட முடியாத சீட்டு வந்து என்ன, வராட்டி என்ன. யெஸ் போடுன்னு சொல்லிட்டேன். நான் கோவில்பட்டி போறதுக்கு முன்னாடியே அவ யெஸ் போட்டுட்டா.

டைரி

சிஎஸ்எஸ் புரொஃபைல்னு ஒண்ணு, நான் சொன்ன அந்த ஃபார்ம் இதுதான். எஸ்ஏடி நடத்தற அதே காலேஜ் போர்டுதான் இதையும் நடத்துது. முதல் காலேஜுக்கு 25 டாலர், அதுக்கப்புறம் ஒவ்வொண்ணுக்கும் 16 டாலர், பணம் இல்லன்னு சொல்றதுக்கே பணம் கட்டணும் (சில காலேஜ்கள் கேட்டா வேற ஃபார்ம் குடுக்கும், இல்ல ஃபீஸ் வெய்வர் கோடு குடுக்கும், கேக்கணும், கூச்சப்படக் கூடாது). உள்ள போனா வருமானம், வரி, வீடு எப்ப வாங்கினீங்க, என்ன விலைக்கு வாங்கினீங்க, இப்ப என்ன விலை போகும், கடன் எவ்வளவு, கடையோட மதிப்பு என்னன்னு வரிசையா கேக்கும்.

நான் லேப்டாப்பை வச்சுக்கிட்டு, "அத்தான், வருஷ வருமானம் எவ்வளவு போடலாம்?"னு கேட்டேன். அவர் சாவகாசமா, "எந்த வருமானம் மாப்ள?"ன்னார். ஜோக் அடிக்கறார்னு நினைச்சேன், அவர் சீரியஸாத்தான் கேட்டிருக்கார்.

முதல் வருமானம் தாலுகா ஆபீஸ்ல வாங்கின சர்டிபிகேட்ல இருக்கறது, 72,000 ரூபா. வருஷத்துக்கு. முதல்வர் காப்பீட்டு அட்டைக்கு அந்த லிமிட் இருந்த காலத்துல ஊர்ல பாதிப் பேருக்கு அதே 72,000-தான் வருமானம், விஏஓக்கும் தெரியும், அத்தானுக்கும் தெரியும், யாரும் யாரையும் கேக்கமாட்டாங்க. ரெண்டாவது வருமானம் ஐடிஆர்ல, அதாவது வருமான வரி ரிட்டர்ன்ல இருக்கறது, 6,90,000. இது பேங்க்ல ஓடி (ஓவர்டிராஃப்ட் கடன்) வாங்கறதுக்காக. சின்ன வியாபாரிங்க 44ஏடிங்கற வருமான வரிச் சட்டப் பிரிவுல ஃபைல் பண்ணும்போது விற்பனைல எட்டு சதவீதம், டிஜிட்டலா வந்ததுக்கு ஆறு சதவீதம் லாபம்னு காட்டினா போதும், கூடவும் காட்டிக்கலாம், கணக்குப் புத்தகம் கேக்கமாட்டாங்க. புது வரி ரெஜிம்ல ஏழு லட்சம் வரைக்கும் வரி இல்லன்னு ஆனதும் ஆடிட்டர், "அண்ணாச்சி, வரி இல்லாம வருது, தாராளமா ஆறு தொண்ணூறு காட்டிருவோம், ஓடி லிமிட்ட கூட்டிக் கேக்கலாம்"னு சொல்லி அப்படியே ஆயிருக்கு. மூணாவதுதான் நிஜ வருமானம், அது ஒரு சிமெண்ட் கம்பெனி குடுத்த டைரில இருக்கு.

அந்த டைரியை அக்காகூட அதுவரைக்கும் திறந்து பாத்ததில்ல. கடைல கல்லாவுக்குக் கீழ இருக்கும், அதை அன்னைக்கு சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டு வந்தார். பச்சை ரெக்சின் அட்டை, நடுவுல ரப்பர் பேண்ட், தேதிக்கும் எழுதியிருக்கறதுக்கும் சம்பந்தம் கிடையாது, ஆகஸ்ட் பக்கத்துல நகைக் கடன் வட்டி, செப்டம்பர்ல மாசச் சீட்டு, அக்டோபர் முழுக்க மேஸ்திரிங்க பேரு, ஒவ்வொரு பேருக்கு நேராவும் பாக்கி. பைப்பு வாங்கிட்டுப் போய் வீடு கட்டி முடிச்சு பால் காய்ச்சி சாப்பாடு போட்டு அதுக்கு அத்தானும் போய் மொய் எழுதிட்டு வந்திருப்பார், பைப்புக்குப் பணம் வந்திருக்காது. எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சா அந்த வருஷம் கைக்கு வந்தது நாலு லட்சத்து இருபதாயிரம் சொச்சம்.

கூட்டும்போதுதான் ஒரு வரி மாட்டுச்சு. சி.ப-ன்னு போட்டு மாசா மாசம் அஞ்சாயிரம். அக்கா மக சும்மா இருக்காம, "இது யாருப்பா சி.ப?"ன்னு கேட்டுட்டா. சித்தப்பா. சொத்துப் பிரிவினைல சண்டை போட்டு அஞ்சாறு வருஷமா இந்த வீட்டு வாசப்படி மிதிக்காத அத்தானோட தம்பி, அவர் மகன் ஐடிஐ படிப்புக்கு இவர் யாருக்கும் தெரியாம குடுத்துக்கிட்டு இருந்திருக்கார். அக்கா எந்திரிச்சு அடுக்களைக்குள்ள போய்ட்டா, அங்கேர்ந்து பாத்திரம் பேச ஆரம்பிச்சுது. அத்தான் என்னைப் பாத்து, "இதையும் அமெரிக்காக்காரன் கேக்கானா மாப்ள?"ன்னார். கேக்கறான் அத்தான், பெத்தவங்க வேற யாருக்கெல்லாம் செலவு பண்றாங்கன்னு எழுதலாம், எழுதினா நமக்குத்தான் நல்லதுன்னேன். அன்னைக்கு ராத்திரி சாப்பாடு ஓட்டல்லேர்ந்து.

அதோட முடியலை. வீட்டுக்கும் ரெண்டு விலை, பத்திரத்துல கைடுலைன் வேல்யூ ஒண்ணு, கையில குடுத்தது ஒண்ணு. பைபாஸ் பக்கம் ஒரு மனை வேற, மகளோட கல்யாணத்துக்குன்னு அவ பேர்லயே வாங்கிப் போட்டது. அக்காவுக்கு அந்த மனையை ஃபார்ம்ல காட்டவே இஷ்டமில்ல. பிள்ளை பேர்ல இருக்கற சொத்தை பெத்தவங்க சொத்தை விட கூடுதலாக் கணக்குல எடுப்பாங்கன்னு நான் சொன்னதும் அவளுக்கு கோவம் இன்னும் ஏறிடுச்சு. பொண்ணு நல்லாருக்கணும்னு அவ பேர்ல வாங்கினது அவளுக்கே எதிரா நிக்குதான்னு கேட்டா. நியாயமான கேள்விதான். ஆனா அந்த ஊர்ல பிள்ளை பேர்ல பணம் இருந்தா அது அவ படிப்புக்குன்னுதான் அர்த்தம், கல்யாணத்துக்கு மனைங்கற யோசனைக்கு அந்த ஃபார்முலால இடமே இல்ல.

மூணு நம்பரையும் டாலர்ல போட்டப்போ

இப்ப எந்த நம்பரைப் போடறதுன்னு பெரிய விவாதம். கன்சல்டன்ட் போன்ல, தாலுகா ஆபீஸ் சர்டிபிகேட்டை போட்டு ஐடிஆர் ஃபைல் பண்றதில்லன்னு எழுதிருங்கன்னார், ஏழைப் பிள்ளைன்னா அள்ளிக் குடுப்பானாம். அத்தானுக்கு 72,000-னு மக பேர் போட்ட பேப்பர்ல எழுதறது அசிங்கமா இருந்துச்சு, கடை வச்சிருக்கறவன் அப்படியா இருக்கான்னு நினைப்பானேன்னார், தாலுகா ஆபீஸ்ல அதே நம்பருக்கு கையெழுத்துப் போட்டப்போ வராத அசிங்கம். அக்காவுக்கு ஐடிஆர் நம்பர்தான் கௌரவம். எனக்கு டைரி நம்பர்.

அக்கா மக இதெல்லாம் கேட்டுக்கிட்டு இருந்துட்டு போன்ல கால்குலேட்டரைத் திறந்தா. அன்னைக்கு ரேட்டு 85 ரூபா பக்கம். 72,000-ஐ வகுத்தா 850 டாலர் பக்கம். டைரி நம்பர் 4,900. ஐடிஆர் நம்பர் 8,100. மூணையும் ஒரு பேப்பர்ல எழுதி பக்கத்துல 85,000-னு எழுதினா. "மாமா, எதப் போட்டாலும் எழுபத்தஞ்சாயிரத்துக்கு மேல குறையுதே, இதுக்கா ராத்திரியெல்லாம் சண்டை போடுதீங்க?"

சத்தியமா எனக்கு அது அது வரைக்கும் தோணவே இல்ல. இங்க 72,000-க்கும் 6,90,000-க்கும் நடுவுல ஒரு ஊரே இருக்கு, காப்பீடு கிடைக்குமா, ரேஷன்ல எந்த கார்டு, பேங்க்ல மேனேஜர் சேர் போடுவாரா நிக்க வைப்பாரா எல்லாமே அந்த வித்தியாசத்துலதான். அமெரிக்கால அந்த ஆபீஸ்ல உக்காந்திருக்கறவருக்கு மூணும் ஒரே ஆள்தான், கிட்டத்தட்ட மொத்தத்தையும் நாம குடுக்கணும்ங்கற ஆள். கேள்வி இந்தப் பிள்ளைக்கு நாலு வருஷத்துல மூணு லட்சம் டாலர் செலவு பண்ணலாமாங்கறதுதான், அப்பா எவ்வளவு ஏழைங்கறது இல்ல. இன்னும் ஏழையா காட்டினா அந்த மூணு லட்சம் குறையப் போறதில்ல, சீட்டு பக்கத்துலயும் வரப் போறதில்ல. பொய் சொல்லி மிச்சம் பிடிக்கறது வருஷத்துக்கு ரெண்டாயிரம் மூணாயிரம் டாலர், மாட்டினா போறது எல்லாமே.

மாட்டாம இருக்க அவங்க ஒண்ணும் அசமந்தம் இல்ல. 2024-ல பென்சில்வேனியால லீஹை யூனிவர்சிட்டில நடந்தது ஞாபகம் இருக்கலாம். இந்தியாவுலேர்ந்து போன 19 வயசுப் பையன், மார்க் ஷீட் போலி, பணக் கஷ்டத்துக்கு காட்டின பேப்பர் போலி, கடைசில உயிரோட இருக்கற அப்பாவுக்கே டெத் சர்டிபிகேட் தயார் பண்ணி குடுத்திருக்கான். முழு ஸ்காலர்ஷிப்ல போய்ச் சேந்து, அதை பேர் போடாம ரெட்டிட்ல பெருமையா எழுதப் போய் மாட்டி, அரெஸ்ட் ஆகி ஊர் திரும்பினான். அந்த நியூஸை அத்தானுக்கு படிச்சுக் காட்டினேன். டெத் சர்டிபிகேட் வரி வந்ததும், "அந்த அப்பா இத எப்படித் தாங்குவாரு"ன்னு மட்டும் கேட்டார்.

கடைசில ஐடிஆர் நம்பரையே போட்டோம், ஏன்னா பேப்பர் இருக்கறது அதுக்குத்தான், ஃபார்மும் பேப்பரும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகலைன்னா அதுவே சந்தேகம். அதுக்குக் கீழ ஸ்பெஷல் சர்க்கம்ஸ்டன்சஸ்னு எழுதறதுக்கு ஒரு பெட்டி இருக்கு, அதுல 44ஏடின்னா என்ன, லாபம்னு காட்டினதுக்கும் கைக்கு வந்ததுக்கும் ஏன் வித்தியாசம், பாக்கி எவ்வளவு நிக்குது, தம்பி மகன் படிப்புக்கு எவ்வளவு போகுதுன்னு எல்லாத்தையும் எழுதினோம். ஆடிட்டர் ஒரு லெட்டர் குடுத்தார், முதல்ல முடியாதுன்னுட்டு அப்புறம் குடுத்தார். மனையையும் காட்டினோம். அக்கா ரெண்டு நாள் என்கூடப் பேசலை.

இந்த மாதிரி வீட்டுப் பிள்ளைக்கு நிஜமா பாக்க வேண்டியது எந்த காலேஜ்ல பட்ஜெட் இருக்குங்கறதுதான். பெரிய பேரை விட, ஆயிரம் ரெண்டாயிரம் பிள்ளைங்க படிக்கற சின்ன லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ்கள்ல வெளிநாட்டுப் பிள்ளைக்கு மனசார குடுக்கற இடங்கள் இருக்கு. கென்டக்கில பெரியான்னு ஒரு காலேஜ், யார்கிட்டயும் ட்யூஷன் ஃபீஸ் வாங்கறதே இல்ல, வெளிநாட்டுப் பிள்ளைங்களை கொஞ்சப் பேரைத்தான் எடுப்பாங்க. கார்னெல்ல இந்தியப் பிள்ளைங்களுக்குன்னே டாடா ஸ்காலர்ஷிப் ஒண்ணு, 2008-ல டாடா டிரஸ்ட் 2.5 கோடி டாலர் குடுத்து வச்சது. கன்சல்டன்ட் போட்டுக் குடுத்த லிஸ்ட்ல இதுல ஒண்ணுகூட இல்ல. வெளிநாட்டுப் பிள்ளைக்கு எயிடே குடுக்காத ஸ்டேட் யூனிவர்சிட்டிங்கதான் நிறைய இருந்துச்சு.

லெட்டர் வந்த பிறகு

பெரிய பேரெல்லாம் வரிசையா ரிஜெக்ட். மிட்வெஸ்ட் பக்கம் ஒரு சின்ன காலேஜ் எடுத்துச்சு, நீட்-அவேர் காலேஜ்தான், அதாவது பணம் கேக்கறதையும் பாத்து சீட்டு முடிவு பண்ற இடம், யெஸ் போட்டும் எடுத்துச்சு. குடும்பம் கட்ட வேண்டியது வருஷத்துக்கு 5,200 டாலர்னு லெட்டர். அத்தானுக்கு கைக்கு வர்றதே 4,900. அந்த 5,200-ல பெரும்பங்கு மனையாலதான்னு எனக்குப் புரிஞ்சுது. திரும்ப ஒரு லெட்டர் போட்டோம், அந்த மனையை அவசரத்துக்கு விக்க முடியாது, அதுக்கு இன்னும் ரோடே வரலைன்னு போட்டோவோட. பதில் மரியாதையா வந்துச்சு, 3,800-க்கு இறங்கினாங்க, கேம்பஸ் வேலை பாத்து அவ கைச் செலவைப் பாத்துக்கலாம்னும் சொன்னாங்க. டெர்ம் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம் வரைக்கும் எஃப்-1ங்கற மாணவர் விசால கேம்பஸ்ல வேலை பாக்கலாம்.

2025 மே கடைசில விசா இன்டர்வியூவுக்கு புது ஸ்லாட் குடுக்கறதையே நிறுத்தி வச்சாங்களே, அந்தக் கூத்துல நாங்களும் இருந்தோம், ஜூன்ல திறந்தப்போ சோஷியல் மீடியாவை பப்ளிக்கா வைக்கணும்னாங்க, அவ இன்ஸ்டால இருந்தது பூரா பூனைப் படம். போய்ச் சேந்துட்டா.

போன பிறகுதான் இன்னொண்ணு தெரிஞ்சுது, ஸ்காலர்ஷிப்புக்கு அங்க வரி உண்டு. ட்யூஷனுக்குப் போற பணத்துக்கு இல்ல, ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும்னு குடுக்கறதுக்கு. எஃப்-1 பிள்ளைங்களுக்கு 14 சதவீதம் பிடிப்பாங்க. இந்திய அமெரிக்க வரி ஒப்பந்தத்துல 21-ஆவது பிரிவுன்னு ஒண்ணு இருக்கறதால நம்ம பிள்ளைங்க மட்டும் ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் போட்டுக்கலாம், ஏறக்குறைய 15,000 டாலருக்கு வரி இல்லாம போயிரும், மத்த நாட்டுப் பிள்ளைங்களுக்கு அநேகமா அதுகூட இல்ல. ரூம்மேட் நேபாளத்துப் பிள்ளை, அவ கட்டினதையும் இவ கட்டினதையும் வச்சுப் பாத்து ரெண்டு பேரும் ஒரு நாள் பூரா ஐஆர்எஸ் (அங்கத்த வரி இலாகா) வெப்சைட்ல உக்காந்திருக்காங்க.

அந்த காலேஜ்ல ஃபார்ம் வருஷா வருஷம் போடணும். இப்ப பன்னெண்டு லட்சம் வரைக்கும் வரி இல்லன்னு ஆயிருச்சு, ஆடிட்டர் போன வாரம் போன் பண்ணி, "அண்ணாச்சி, பதினொண்ணு காட்டிருவோமா, ஓடி லிமிட்ட டபுளாக்கிரலாம்"னு கேட்டிருக்கார். கடைக்கு நிஜமாவே ஓடி வேணும், பக்கத்துத் தெருவுல புதுசா ஒரு பெரிய கடை வந்திருக்கு. பதினொண்ணு காட்டினா காலேஜ் அடுத்த வருஷம் கேக்கற தொகை கூடும், காட்டலைன்னா பேங்க் கைவிரிக்கும். அத்தான் எனக்கு போன் போட்டு எதுல நஷ்டம் கம்மின்னு கேட்டார், நான் ரெண்டு பக்கமும் கணக்குப் போட்டுச் சொன்னேன். பாப்பாகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆடிட்டருக்குச் சொல்லுதேன்னார். அவ லைப்ரரி ஷிஃப்ட்ல இருந்திருக்கா, டைரியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிட்டு கட் பண்ணிட்டாளாம்.